பிரிக்க முடியாமை எனும் கற்பிதம்: கார்பன் இழைக் கலவையின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிக்கொண்டு போனவர்களிடம் பொருள்கள் பற்றிய ஒரு பார்வை இருந்தது. உடைந்து போவது வேறு, செத்துப் போவது வேறு என்கிற பார்வை. குடம் நசுங்கிவிட்டால் குடம்தான் போகிறது, பித்தளை போவதில்லை. உலையில் போட்டால் மறுபடி ஒரு குடமாகவோ குத்துவிளக்காகவோ அது எழுந்து வரும். இந்த உத்தரவாதத்தின் மேல்தான் அந்தப் பேரீச்சம்பழம் நிறுக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வியாபாரத்துக்குள் அடங்காத ஒரு பொருள் பிறந்தது. கார்பன் இழையையும் பிசினையும் சேர்த்து இறுக்கிய கலவை. எடையில் எஃகின் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். எடைக்கு எடை பார்த்தால் எஃகைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். துருப்பிடிக்காது. போர்விமானம், ஏவுகணை, பந்தயக் கார், டென்னிஸ் மட்டை, காற்றாலை இறக்கை என்று அது போகாத இடமில்லை. ஆனால் ஆயுள் முடிந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பழைய சாமான் கடைக்கும் போக முடியாது. உருக்கினால் உருகாது, புதைத்தால் மக்காது, எரித்தால் சரியாக எரியாது.

ஏன் இப்படி என்று கேட்டால் பொறியாளர்கள் சட்டென்று ஒரு பதில் சொல்வார்கள்: அதன் இயல்பே அப்படி, வேதியியல் அப்படி. 'இயல்பு' என்ற சொல் வரும்போதெல்லாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் என்பதை நாம் சாதி, பால் பற்றிய விவாதங்களிலிருந்து கற்றிருக்கிறோம். பொருள்களைப் பற்றிப் பேசும்போதும் அந்த எச்சரிக்கை தேவை. இக்கலவையைப் பிரிக்க முடியாமல் போனதற்குப் பின்னால் குறிப்பிட்ட வாங்குபவர்கள், குறிப்பிட்ட தேவைகள், கேட்காமல் விடப்பட்ட சில கேள்விகள் இருக்கின்றன. இன்று 'எளிதில் மறுசுழற்சி செய்யத்தக்க கலவை' என்று ஆய்வகங்கள் அறிவிக்கிறபோது அந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது.

2

முதலில் இழை. அதன் முன்கதை மின்விளக்கில் இருக்கிறது. 1879ல் எடிசன் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்குக்குள் ஒளிர வைத்தார்; அடுத்த ஆண்டு மூங்கிலுக்கு மாறினார், ஜப்பானிலிருந்து மூங்கில் வரவழைத்தார். பிறகு டங்ஸ்டன் வந்தது, கரி நூலை எல்லோரும் மறந்தார்கள். 1958ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரோஜர் பேக்கன் என்ற இயற்பியலாளர் கார்பனை மின்வில்லில் சூடாக்கும் சோதனையில் மயிரிழை போன்ற கிராஃபைட் நார்களைக் கண்டார். அவர் வேலை பார்த்த கம்பெனி யூனியன் கார்பைடு. ஆமாம், 1984ல் போபாலில் நமக்கு அறிமுகமான அதே யூனியன் கார்பைடுதான்.

ஒசாகாவின் அரசு ஆய்வு நிறுவனத்தில் இருந்த அகியோ ஷிண்டோ 1959க்கும் 1961க்கும் இடையில் வேறொரு வழியைக் கண்டார்: பாலிஅக்ரைலோநைட்ரைல், அதாவது ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலின் நெருங்கிய சொந்தக்காரன், அதைக் கரியாக்குவது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலிருந்த ராயல் விமான ஆய்வகத்தில் வில்லியம் வாட், லெஸ்லி ஃபிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் 1964 வாக்கில் இதை உறுதியான இழையாக்கினார்கள். சூட்டில் நூல் சுருங்க முயலும். சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதலில் இருநூறு முந்நூறு டிகிரியில் காற்றில் வாட்ட வேண்டும், பிறகு காற்றில்லாமல் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டும். போட்ட நூலின் எடையில் ஏறக்குறையப் பாதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள கறுப்பு இழை. இந்த வாட்டலிலும் சுடலிலும் செலவாகும் எரிசக்தி எக்கச்சக்கம். ஒரு கிலோ எஃகுக்கு ஆவதைப்போலப் பல மடங்கு.

இழை மட்டும் இருந்தால் அது வெறும் நூல்தான். இழுத்தால் தாங்கும், அழுத்தினால் மடங்கும். அதை நிற்க வைப்பது பிசின். இங்கேதான் நம் பிரச்சினை தொடங்குகிறது.

பிளாஸ்டிக்கில் இரண்டு வகை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இளகும் பிளாஸ்டிக்: சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடாக்கினால் மறுபடி இளகும். பிளாஸ்டிக் குடம் இந்த வகை. இறுகும் பிளாஸ்டிக்: ஒரே ஒருமுறை இறுகும், மூலக்கூறுகள் வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் பிணைந்துகொள்ளும், அப்புறம் எத்தனை சூடாக்கினாலும் கருகுமே தவிர இளகாது. 1907ல் பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட் இந்த வகை. 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டான், பல்செட் செய்வதற்கு ஏற்ற பொருள் தேடப்போய்க் கண்ட எபாக்ஸியும் இதே வகை. கார்பன் இழைக்குத் துணையாக வாய்த்தது இந்த எபாக்ஸி. இழைத்துணியில் பிசினைத் தோய்த்து, அடுக்கி, சூடும் அழுத்தமும் உள்ள பெரிய கொப்பரையில் வைத்து வேகவைத்தால் காரியம் முடிந்தது.

பழைய வைதிகத் திருமணம் மாதிரி. அக்கினி சாட்சியாக ஒருதரம் முடிச்சுப் போட்டால் அவ்வளவுதான். அவிழ்க்கிற பேச்சே சாஸ்திரத்தில் கிடையாது. திருமணம் ஒரு ஒப்பந்தம், வேண்டாமென்றால் விலகலாம் என்று சுயமரியாதை இயக்கம் சொன்னபோது குடும்பமே இடிந்துவிடும் என்று கூக்குரல் போட்டவர்கள் இருந்தார்கள். 'அவிழ்க்கக்கூடிய பிணைப்பு பலவீனமான பிணைப்பு' என்கிற இதே நம்பிக்கை பிசின் வேதியியலிலும் வெகுகாலம் கேள்வி கேட்கப்படாமல் இருந்தது.

3

இந்தப் பிணைப்பு யாருக்குத் தேவைப்பட்டது? ஃபார்ன்பரோ ஆய்வகம் பிரிட்டிஷ் அரசின் விமானத் துறைக்குச் சொந்தம். அங்கே பொருளுக்கு வைத்த அளவுகோல் ஒன்றுதான்: குறைந்த எடையில் கூடிய விறைப்பு. எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை. ராணுவம் ஒரு வினோதமான வாடிக்கையாளர்; விலை கேட்காது, பழசானால் என்ன செய்வது என்றும் கேட்காது. ஏவுகணையின் 'ஆயுள் முடிவு' பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

அரசு தன் காப்புரிமையை மார்கனைட், கோர்ட்டால்ட்ஸ், ரோல்ஸ்-ராய்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளுக்கு உரிமமாகக் கொடுத்தது. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினின் விசிறி இறக்கைகளை இந்தக் கலவையில் செய்யப்போவதாக அறிவித்தது. 1970ல் பறவை மோதும் சோதனை நடந்தது. ஓடும் எஞ்சினுக்குள் ஒரு கோழியை எறிவார்கள். இறக்கை சிதறியது. கம்பெனி டைட்டானியத்துக்குத் திரும்பியது. எஞ்சினின் மொத்தச் செலவும் கைமீறிப்போக, 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானது. தனியார் மயத்தின் பக்தர்களான கன்சர்வேடிவ் கட்சி அரசே அதைத் தேசியமயமாக்க வேண்டி வந்தது. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நட்டம் வந்தால் ஜனங்களுக்கு என்கிற நியாயம் இந்தப் பொருளின் பிறப்பிலேயே கூட வருகிறது. கழிவு என்பதும் ஒருவகை நட்டம்தானே.

அதே 1971ல் ஜப்பானின் டோரே கம்பெனி வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அவர்களுக்கு வாங்க ராணுவம் இல்லை. தூண்டில் கோல், கோல்ஃப் மட்டை, டென்னிஸ் மட்டை என்று விற்றுப் பிழைத்தார்கள். பணக்காரரின் பொழுதுபோக்கு பொருளின் விலையை இறக்கியது. பிறகு பயணிகள் விமானம் வந்தது. 1995ல் சேவைக்கு வந்த போயிங் 777இன் வால் பகுதி இந்தக் கலவை. 2011ல் சேவைக்கு வந்த 787இல் எடையில் பாதி இதுதான். 2015ல் வந்த ஏர்பஸ் ஏ350இல் 53 சதவீதம்.

இதையெல்லாம் முதலாளியத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை சுமார் முப்பது லட்சம் டிராபண்ட் கார்கள் செய்யப்பட்டன. எஃகுத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. சோவியத்திலிருந்து வந்த பருத்திக் கழிவை ஃபீனால் பிசினோடு சேர்த்து அழுத்தி உடலைச் செய்தார்கள். கழிவிலிருந்து கார், கேட்க எவ்வளவு அழகு! ஆனால் சுவர் இடிந்த பிறகு அந்தக் கார்கள் குவிந்தபோது அவற்றின் உடலை உருக்க வழியில்லை. அதுவும் இறுகும் பிளாஸ்டிக்தான். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்று கணக்குப் போட்டவர்களும் பொருளின் மறுபாதி வாழ்க்கையைக் கணக்கில் எழுதவில்லை. இரண்டு முகாமுக்கும் பொதுவாக இருந்த குருட்டுப்புள்ளி இது.

மாற்று அப்போது சாத்தியமே இல்லையா? இருந்தது. 1980களில் இங்கிலாந்தின் ஐசிஐ கம்பெனி கார்பன் இழையை இளகும் பிளாஸ்டிக்கோடு சேர்த்த கலவையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மறுபடி சூடாக்கி வளைக்கலாம், ஒட்டலாம். ஆனால் அதைச் செய்ய ஏறக்குறைய நானூறு டிகிரி சூடு வேண்டும், விலையும் கூடுதல். எபாக்ஸிக்கென்று கட்டிய கொப்பரைகள், பயிற்சி பெற்ற ஆட்கள், வாங்கி வைத்த விமானப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஏற்கனவே இருந்தன. ஆகவே அது ஓரத்தில் நின்றது. இயல்பு என்று சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு முதலீட்டின் பழக்கம் என்பதை இங்கே பார்க்கலாம்.

இந்த இழை காற்றில் பறந்தால் என்னாகும் என்ற கேள்வி ஒருமுறை எழுந்தது. 1970களின் இறுதியில் நாசா ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. விமானம் தீப்பிடித்தால் வெளிவரும் கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்துமே, கருவிகள் பழுதாகுமே என்பதுதான் முதன்மையான கவலை. ஆபத்து குறைவு என்று முடிவு வந்தது. ஆனால் அதே கடத்தும் குணத்தை ராணுவம் வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. 1991ல் ஈராக்கிலும் 1999ல் செர்பியாவிலும் அமெரிக்கா கரி இழைகளைத் தூவி மின்நிலையங்களை முடக்கியது. பிற்காலத்தில் கழிவாகத் தலைவலி கொடுத்த குணம் ஆயுதமாக முன்பே பயன்பட்டுவிட்டது. இந்தக் கலவையைச் சாதாரணக் குப்பை எரிப்பு உலையில் போட்டால், முழுசாக எரியாத இழை புகைவடிகட்டியின் மின்தகடுகளில் ஒட்டி அங்கேயும் ஷார்ட் சர்க்யூட் செய்யும்.

4

மறுசுழற்சி என்கிற கேள்வி எப்போது வந்தது? புதைக்க இடமில்லாமல், புதைக்கச் சட்டமில்லாமல் போனபோது வந்தது. 2000த்தில் ஐரோப்பிய ஒன்றியம் பழைய வாகனங்கள் பற்றி ஒரு சட்டம் போட்டது: 2015க்குள் ஒரு காரின் எடையில் 85 சதவீதம் மறுபயன்பாட்டுக்கோ மறுசுழற்சிக்கோ போக வேண்டும். 2005 ஜூனில் ஜெர்மனி, கரிமப்பொருள் அதிகமுள்ள கழிவுகளை அப்படியே புதைக்கத் தடை விதித்தது. 2006ல் விமானம் உடைக்கும் தொழிலுக்கென்று போயிங்கும் பிறரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். ஞானம் உள்ளிருந்து பிறக்கவில்லை, வெளியிலிருந்து நெருக்கியது.

அப்போது கையிலிருந்த வழி நெருப்பு. காற்றைக் கட்டுப்படுத்திக் கலவையை ஐந்நூறு டிகிரி அளவில் சூடாக்கினால் பிசின் ஆவியாகிப் போகும், இழை மிஞ்சும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சூடான மணல் படுகையில் இதைச் செய்து பார்த்தார்கள். 2000களில் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் இது தொழிலாகவே நடக்கத் தொடங்கியது. புது இழை செய்ய ஆகும் எரிசக்தியில் சிறு பகுதிதான் இதற்குச் செலவு. நல்ல காரியம்தான், சந்தேகமில்லை.

ஆனால் வெளிவருவது என்ன? கிலோமீட்டர் கணக்கில் நீண்டு ஒரே திசையில் படுத்திருந்த இழை, துண்டு துண்டாக, பஞ்சுபோல, திசை கெட்டு வருகிறது. நெருப்பு சற்றுக் கூடினால் இழையே அரிக்கப்பட்டு வலு குறையும். குறைந்தால் பிசின் கரி அப்பிக்கொள்ளும். இந்தப் பஞ்சை மறுபடி விமான இறக்கையாக்க யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள். பாயாக அழுத்திக் காரின் உள்பாகத்துக்கோ, பொடியாக்கி வேறு பிளாஸ்டிக்கில் கலக்கவோ போகும். நம் சமூகத்தில் 'இருபிறப்பாளர்' என்பது உயர்வைக் குறிக்கும். இங்கே இரண்டாம் பிறப்பு எடுத்ததெல்லாம் ஒரு படி கீழே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2013 முதல் 2022 வரை பிஎம்டபிள்யூ செய்த ஐ3 காரின் கூரையில் மறுசுழற்சி இழை இருந்தது என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. உண்மைதான். ஆனால் அந்த இழை பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வெட்டும்போது விழுந்த துண்டுகளிலிருந்து வந்தது. அழுக்கில்லாத, வண்ணம் பூசாத, எங்கிருந்து வந்தது என்று தெரிந்த கழிவு. தையல்காரர் வெட்டுத்துணியில் தலையணை தைப்பது மாதிரி. உபயோகித்துக் கிழிந்த துணியை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றது.

5

கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்ததுதான் இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பம். 2011ல் பாரிஸில் லுத்விக் லீப்லெர் குழுவினர் ஒரு புதுவகைப் பிசினை அறிவித்தார்கள். வலைப்பின்னல் உண்டு, ஆனால் சூடேற்றினால் முடிச்சுகள் ஒன்றோடொன்று இடம் மாற்றிக்கொள்ளும். வலை அறுவதில்லை, ஆனாலும் பொருள் கண்ணாடிபோல வளைந்து கொடுக்கும். இதற்கு விட்ரிமர் என்று பெயர். இளகுவது, இறுகுவது என்று இரண்டாகப் பிரித்திருந்த பழைய பாகுபாட்டுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்தது. 2014ல் கலிபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜானெட் கார்சியா, சேர்க்க வேண்டிய ஒரு பொருளைச் சேர்க்காமல் விட்டுவிட, குடுவைக்குள் ஏதோ கல்லாக இறுகிவிட்டது. குடுவையைச் சுத்தியலால் உடைத்துத்தான் எடுத்தார். அப்படி இறுகியது, வலுவான அமிலத்தில் போட்டால் பழையபடி மூலப்பொருளாகக் கரைந்தது.

அமெரிக்காவின் கனோரா என்ற சிறு கம்பெனி எபாக்ஸியை இறுக்கும் பொருளின் நடுவில் அமிலத்துக்கு மட்டும் அறுகிற ஒரு கண்ணியை வைத்தது. உபயோகத்தில் உறுதியாக இருக்கும். வினிகரில் இருக்கும் அசெட்டிக் அமிலத்தில் சூடாக்கி வைத்தால் பிசின் இளகும் பிளாஸ்டிக்காக மாறிக் கரையும், இழை நீளம் குறையாமல், திசை கெடாமல் வெளியே வரும். இந்தத் தொழில்நுட்பத்தை 2019ல் நம்மூர் ஆதித்ய பிர்லா குழுமம் வாங்கியது. 2021ல் சீமன்ஸ் கமேசா இந்தப் பிசினில் செய்த காற்றாலை இறக்கையை அறிமுகம் செய்தது. 2022ல் ஜெர்மனியின் கடலோரத்தில் அது சுழலத் தொடங்கியது. 2024ல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம், தாவரச் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் மூலப்பொருளில் பிசின் செய்து, மெத்தனாலில் சூடாக்கி அதைப் பிரித்துக் காட்டியது. பழைய எபாக்ஸியையே உடைக்க 2023ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தினர் ருத்தீனியம் வினையூக்கியைக் கொண்டு ஒரு வழி கண்டார்கள். ஆனால் அது மெதுவாக நடக்கும், வினையூக்கி விலையோ யானை விலை.

இந்தக் கண்டுபிடிப்புகளில் இரண்டு அணுகுமுறைகள் தெரிகின்றன. ஒன்று, கட்டின பிறகு உடைப்பது. இன்னொன்று, கட்டும்போதே அவிழ்க்க ஒரு நுனியை விட்டுவைப்பது. இரண்டாவது வழி சாத்தியமாகியிருப்பது கலவைக்கு மட்டுமான செய்தி இல்லை. அறுபது ஆண்டுகளாக 'இயல்பு' என்று சொல்லப்பட்டது ஒரு தேர்வுதான் என்பதற்கு அது சாட்சி. உறுதி வேண்டுமென்றால் மீளாப் பிணைப்புதான் கதி என்கிற வாதம் உடைந்துவிட்டது. கேட்கப்படாத கேள்வியைக் கேட்டபோது பதில் வந்தது.

அதற்காக எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கைதட்ட வேண்டியதில்லை. முதலாவது, ஏற்கனவே இறுகிப்போனவை அப்படியேதான் இருக்கின்றன. இன்று பறக்கும் 787களும் ஏ350களும் வருகிற பத்து இருபது ஆண்டுகளில் ஓய்வு பெறும். அவற்றில் இருப்பது அவிழாத முடிச்சு. இரண்டாவது, அவிழும் பிசினும் அதை அவிழ்க்கும் முறையும் காப்புரிமைக்குள் இருக்கின்றன. இறக்கையை விற்ற கம்பெனி இருபத்தைந்து ஆண்டு கழித்து அமிலத் தொட்டியோடு வந்து நிற்கும் என்பதற்கு யார் ஜவாப்தாரி? அவிழ்க்கலாம் என்பது வேறு, அவிழ்ப்பார்கள் என்பது வேறு.

மூன்றாவது, இதைச் செய்யப்போகிற கைகள். குஜராத்தின் அலாங்கிலும் வங்கதேசத்தின் சிட்டகாங்கிலும் உலகத்துக் கப்பல்களெல்லாம் உடைபடுவதற்கு ஒரு காரணம் கூலி மலிவு, இன்னொரு காரணம் எஃகுக்கு விலை உண்டு. ரோலிங் மில்லுக்குப் போய் அது கம்பியாகும். கார்பன் கலவைக்கு அந்த விலை இல்லாவிட்டால் மலிவுக் கூலி மட்டும்தான் மிஞ்சும். ரம்பம் வைத்து அறுக்கும்போது பறக்கும் தூள் தோலை அரிக்கும். சாதாரணமாக நுரையீரலின் ஆழத்துக்குப் போக முடியாத பருமனுள்ள இழை, நெருப்பில் பட்டால் மெலிந்து உள்ளே போகும் அளவுக்குச் சிறுத்துவிடக்கூடும். ஆஸ்பெஸ்டாஸையும் முதலில் அதிசயப் பொருள் என்றுதான் கொண்டாடினார்கள். முகமூடியும் ஈரமாக அறுக்கும் கருவியும் இல்லாத இடத்தில் மறுசுழற்சி என்பது அபாயத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவதுதான்.

நமக்கு இது தூரத்துச் சங்கதி என்று நினைக்கக்கூடாது. 1986ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கி ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு என்று பரவிய காற்றாலைகளில் முதல் தலைமுறைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை நிறுத்துவதற்கென்று தமிழக அரசு 2024ல் ஒரு கொள்கையும் வெளியிட்டது. அந்தப் பழைய இறக்கைகளில் இருப்பது பெரும்பாலும் கண்ணாடி இழை. ஆனால் பிசின் அதே இறுகும் ஜாதி. கார்பன் இழைக்காவது மீட்டெடுக்க ஆசைப்படும் விலை இருக்கிறது, கண்ணாடி இழைக்கு அதுவுமில்லை. கோபுரத்தின் எஃகையும் ஜெனரேட்டரின் செம்பையும் வாங்க வரிசையில் ஆள் நிற்கும். இறக்கையை வாங்க யார் வருவார்? 2025ல் இந்திய அரசு கொண்டுவந்த பழைய வாகன விதிகளில்கூட உற்பத்தியாளரின் பொறுப்பு எஃகை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. சட்டமும் பேரீச்சம்பழத் தராசில்தான் நிற்கிறது. அந்தத் தராசில் ஏறாத பொருள் அதன் கண்ணில் படுவதில்லை.

ஆகவே சுற்றுச்சூழல் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் எழுத்தாளர்களும் இப்போது கேட்கவேண்டியவை சில உண்டு. காற்றாலைக்கோ பேருந்துக்கோ பொதுப்பணத்தில் கலவைப்பொருள் வாங்கும்போது, எந்தப் பிசின், எதில் கரையும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். எடுத்துப்போகும் பொறுப்பும் செலவும் விற்றவருக்கே என்று விற்கும் நாளிலேயே முடிவாக வேண்டும். அறுப்பவரின் மூச்சுக்கு உத்தரவாதம் அதே தாளில் இருக்க வேண்டும். இவை ரசாயனப் பொறியாளர்கள் மட்டும் பேசித் தீர்க்கிற விஷயங்கள் இல்லை. 1964ல் ஃபார்ன்பரோவில் இந்த இழை பிறந்தபோது அந்த அறையில் விமானப்படையின் தேவை இருந்தது. அதை ஒருநாள் அறுத்துப் போடப்போகிறவரின் தேவை இல்லை. இனி வரும் பிசின்கள் தீர்மானிக்கப்படும் அறைகளில் அவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.